இரண்டு நரி, ஒரு காட்டுப்பூனை

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடலோர ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விடியற்காலை நாலரை மணி வாக்கில் மீன் ஏலத்துக்குப் போகும்போது, உப்பங்கழி ஓரம் பைக் வெளிச்சத்தில் ஒரு பெரிய பூனை தெரிந்ததாம். பத்தடி தள்ளி இரண்டு நரி. நடுவே செத்துக் கிடந்தது ஒரு கொக்கோ நாரையோ. பூனை முதுகை வளைத்து, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றிருக்கிறது. ஒரு நரி சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரப் பார்த்ததும் பூனை சீறிப் பாய்ந்து நின்றது. அவ்வளவுதான், நரிகள் இரண்டும் கருவைக்குள் போய்விட்டன. தம்பிக்கு மூன்று சந்தேகம். அது என்ன பூனை? மாமா சிறுத்தைக் குட்டி என்று அடித்துச் சொல்கிறாராம். இரண்டு நரி ஒற்றைப் பூனைக்கு ஏன் பயந்தன? அப்புறம், பெரிய காட்டில் சிறுத்தையும் செந்நாயும், சிங்கமும் கழுதைப்புலியும் மோதினால் ஜெயிப்பது யார்?

நான் இந்தக் கரையில் பிறந்து, விலங்கியல் படித்து, அதையே இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தவன். கண்மாய்க் கரையிலும் உப்பளத்து வரப்பிலும் ராத்திரி உட்கார்ந்து கொசுக்கடி வாங்கிய பழக்கமும் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் மாமா விஷயத்தை முடித்துவிடுவோம். அது காட்டுப்பூனை. நம் கடலோரத்தில் சிறுத்தை கிடையாது. சிறுத்தைக் குட்டிக்கு உடம்பு முழுக்கக் கரும்புள்ளி இருக்கும், வால் நீளமாக இருக்கும். காட்டுப்பூனைக்கு உடம்பு மணல் நிறம், புள்ளி இல்லை. கால்கள் வீட்டுப்பூனையை விட நெட்டையாக இருக்கும். வால் குட்டையாக, பின்னங்காலின் முட்டிக்குச் சற்றுக் கீழே வரைதான் வரும். வால் நுனிப் பக்கம் இரண்டு மூன்று கறுப்பு வளையம், காது நுனியில் சின்னதாக ஒரு கறுப்பு மயிர்க்கொத்து. தம்பி அனுப்பிய விவரத்தில் 'நாய்க்குட்டி உயரம், கட்டை வால்' என்று இருக்கிறதே, அது ஒன்றே போதும். வருடத்துக்கு இரண்டு முறையாவது 'சிறுத்தை நடமாட்டம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும். எனக்கு வந்தவற்றில் பாதி காட்டுப்பூனை, மீதியில் பாதி மரநாய். பனை ஏறிக் கலயத்தில் வாய் வைத்துவிட்டுப் போகிற மரநாய், பூனையும் இல்லை, நாயும் இல்லை. அதன் குடும்பமே வேறு.

இந்தக் காட்டுப்பூனை பெயரில் மட்டும்தான் காட்டு வாசி. அடர்ந்த காட்டை விட நாணல், கோரை, வயல் வரப்பு, புதர், கண்மாய் உள்வாய் இவைதான் அதற்குப் பிடித்த இடம். பழைய தமிழில் இதற்கு வெருகு என்று பெயர். சங்கப் பாட்டு ஒன்றில் மாலை நேரத்தில் வேலியோரம் வெருகைப் பார்த்த கோழிப் பேடை, பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. இரண்டாயிரம் வருடமாக அது நம் வேலியோரத்தில்தான் நிற்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு அந்த வேலி சீமைக்கருவேலமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நரி. நம் பக்கத்து நரி எட்டிலிருந்து பத்து கிலோ வரும். காட்டுப்பூனை நாலிலிருந்து ஏழு கிலோ. நரி பெரும்பாலும் ஜோடியாகத் திரியும், பூனை தனிக்கட்டை. இந்தக் கணக்கைப் பார்த்தால் தம்பி ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய இரட்டை எடை, இரட்டை ஆள். ஆனாலும் நரி போய்விட்டது.

ஆயுதத்தைப் பாருங்கள். நரிக்கு இருப்பது வாய் ஒன்றுதான். கடிக்க வேண்டுமென்றால் முகத்தை முன்னால் நீட்டியாக வேண்டும். மூக்கும் கண்ணும் அந்த முகத்தில்தான் இருக்கின்றன. பூனைக்கு வாய் போக நாலு கால் நிறைய நகம், அதுவும் நடக்கும்போது தேயாமல் உறைக்குள் வைத்துக் காப்பாற்றிய கூர். பூனை மல்லாந்து விழுந்தால் தோற்றுவிட்டது என்று நினைக்கக்கூடாது. அப்போதுதான் பின்னங்கால் இரண்டும் கிழிக்கத் தோதாக வருகின்றன. நாய்க்குட்டி வீட்டுப்பூனையிடம் ஒருமுறை மூக்கில் வாங்கிவிட்டு ஜென்மத்துக்கும் அதன் பக்கம் போகாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நரிக்கும் அப்படி ஒரு பழைய பாடம் இருந்திருக்கலாம்.

ஆனால் விஷயம் ஆயுதத்தோடு முடிவதில்லை. நரி ஜெயிக்க முடியாது என்று போகவில்லை. இரண்டும் மனது வைத்து ஒன்று முன்னால், ஒன்று பின்னால் பாய்ந்திருந்தால் அந்தப் பூனையைக் கொன்றிருக்கவும் முடியும். நரி காட்டுப்பூனையைக் கொல்வது நடக்காத காரியமில்லை. அன்றைக்கு அது கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு கொக்கில் இரண்டு நரிக்கு எவ்வளவு கறி கிடைக்கும்? அதற்காக ஒரு கண்ணைப் பணயம் வைப்பதா? விடியப் போகிற நேரம் வேறு. மீன் வாடியைச் சுற்றிக் கழிவு கிடக்கும், நண்டு கிடைக்கும், ஆவணி புரட்டாசியில் பனம்பழம் உதிர்ந்து கிடக்கும். நரி பழமும் தின்னும், செத்ததும் தின்னும். பூனைக்கு அந்த வசதி இல்லை. அது கறி மட்டும் தின்கிற பிறவி. ஒரே கொக்கு, இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு விலை.

பூனையின் பக்கம் இன்னொரு கணக்கு உண்டு. நரிக்கு அடிபட்டால் ஜோடி இருக்கிறது. ஓரளவுக்குத் தேறி வரும்வரை ஒட்டிக்கொண்டு பிழைக்கலாம். பூனைக்கு ஒரு கால் ஊனமானால் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை. வேட்டை இல்லையென்றால் பத்து நாளில் முடிந்தது கதை. அதனால் தனியாக வேட்டையாடுகிற மிருகம் கூடியமட்டும் சண்டையைத் தவிர்க்கப் பார்க்கும். தம்பி பார்த்த முதுகு வளைப்பு, மயிர்ச் சிலிர்ப்பு, சீறல் எல்லாம் சண்டை மாதிரி தெரியும். உண்மையில் அது சண்டை வேண்டாம் என்பதற்கான ஏற்பாடு. பக்கவாட்டில் நின்றால் உருவம் பெரிதாகத் தெரியும். அந்த ஒரு பாய்ச்சலும் தொடுவதற்காகப் பாய்ந்தது இல்லை; பாதியில் நின்றதே, அதைக் கவனியுங்கள்.

அப்படிப்பட்ட பூனை ஏன் ஓடாமல் நின்றது என்று கேட்டால், இரண்டு காரணம் எனக்குத் தோன்றுகிறது. கொக்கு அதுவே அடித்ததாக இருக்கலாம். கஷ்டப்பட்டுப் பிடித்ததை விட யாருக்கும் மனசு வராது. அல்லது பின்னால் புதருக்குள் குட்டி இருந்திருக்கலாம். நரி பின்பக்கம் சுற்றப் பார்த்த நேரத்தில்தான் பூனை பாய்ந்தது என்று தம்பி எழுதியிருப்பதால், எனக்கு இரண்டாவது மேல் கொஞ்சம் சாய்வு. குட்டி உள்ள பூனைக்குக் கணக்கு வழக்கு எல்லாம் மாறிவிடும். நரியும் அதை அறியும்.

பல வருடங்களுக்கு முன் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் வற்றிக் கிடந்த ஒரு சித்திரை மாதம், கரைமேல் உட்கார்ந்து இதே ஜோடியைப் பார்த்திருக்கிறேன். பூனை ஒரு வெள்ளெலியைக் கவ்விக்கொண்டு உள்வாயைக் கடந்தது. நரி ஒன்று எதிரே வந்தது. பூனை சீறவில்லை, வளையவில்லை. எலியோடு ஒரு கருவைத் தூருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. முள்ளுக்கு வெளியே நரி உட்கார்ந்தது. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் நரி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, வேறு வேலை இருப்பது போலப் போனது. இப்படி ஒன்றுமே நடக்காமல் முடிகிற சந்திப்புகள்தான் நூற்றுக்குத் தொண்ணூறு என்பது என் அனுபவம். யாரும் வீடியோ எடுக்காததால் நமக்குத் தெரிவதில்லை.

இவை இரண்டும் ஏன் அடிக்கடி முட்டிக்கொள்கின்றன என்றால், தட்டு ஒன்றுதான். ராஜஸ்தானில் சரிஸ்கா காப்பகத்தில் காட்டுப்பூனை, கராக்கல் என்கிற இன்னொரு பூனை இனம், நரி மூன்றின் மலத்தையும் ஆராய்ந்தார்கள். காட்டுப்பூனை ஒன்று ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து எலி தின்பதாகக் கணக்கு வந்தது. வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல். நரியும் அங்கே எலியை நம்பித்தான் இருந்தது. நம் ஊரில் நெல் விளைகிற கண்மாய்ப் பாசனத்தில் ஒரு காட்டுப்பூனை செய்கிற வேலைக்குச் சம்பளம் போட்டுப் பாருங்கள். கோழி ஒன்று போனால் கம்பெடுக்கிற நாம், எலி ஆயிரம் போனதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். யார் ஜெயிப்பது என்று கேட்பதை விட, யார் யாரைக் கொல்லத் துணிவார்கள் என்று கேட்டால் விடை சுவாரசியமாக இருக்கும். 2006இல் டொனாடியோ, பஸ்கர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஊனுண்ணிகள் ஒன்றையொன்று கொன்ற செய்திகளை உலகம் முழுவதிலிருந்தும் தொகுத்து எடை பார்த்தார்கள். கிட்டத்தட்டச் சம எடையுள்ளவை அவ்வளவாகக் கொன்றுகொள்வதில்லை, திருப்பி வாங்கும் அடி பலமாக இருக்கும் என்பதால். எடை வித்தியாசம் மிக அதிகமாக இருந்தாலும் கொலை குறைவு, ஏனென்றால் சின்னது போட்டியாளே இல்லை. யானைப் பசிக்கும் எறும்புப் பசிக்கும் என்ன வழக்கு? பெரியது சின்னதைப் போல இரண்டு மடங்கிலிருந்து சுமார் ஐந்தரை மடங்கு வரை இருக்கும்போதுதான் கொலை அதிகம். தட்டிலும் பங்குக்கு வரும், அடித்தால் திருப்பி அடிக்கவும் முடியாது. அபாயமான இடைவெளி அதுதான்.

இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வரலாம். நரிக்கும் காட்டுப்பூனைக்கும் இடையே இரண்டு மடங்கு கூடச் சரியாக வரவில்லை. எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதனால்தான் அந்தக் காலையில் முறைப்போடு முடிந்தது.

ஆப்பிரிக்காவில் சிங்கமும் சிவிங்கிப்புலியும். பெண் சிங்கம் நூற்றிருபது கிலோ, சிவிங்கி நாற்பத்தைந்து. அளவுகோலின் அபாய இடைவெளிக்குள் விழுகிறது. 1980களின் இறுதியில் செரங்கெட்டியில் கேரன் லாரன்சன் என்ற ஆய்வாளர் சிவிங்கிக் குட்டிகளைப் பிறந்த மறைவிடத்திலிருந்தே கண்காணித்தார். நூற்றுக்கு ஐந்து குட்டி கூடத் தாயை விட்டுப் பிரியும் வயதுக்கு வரவில்லை. செத்தவற்றில் முக்கால்வாசிக்குக் கிட்ட மற்ற ஊனுண்ணிகள் கொன்றவை, அதிலும் பெரும்பங்கு சிங்கம். சிங்கம் பல நேரம் அவற்றைத் தின்பது கூட இல்லை. கொன்று போட்டுவிட்டுப் போய்விடும். பங்காளி வளர்வதற்குள் ஒழித்துவிடுகிற புத்தி. ஆனால் இதை வைத்துச் சிவிங்கி எங்கேயும் பிழைக்காது என்று முடிவு கட்டிவிட முடியாது. தெற்கே கலகாடி வறண்ட நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குட்டிகள் பிழைத்ததாகப் பிறகு வந்த ஆய்வு காட்டியது. சிங்கம் குறைந்த இடம் அது. எதிரி எத்தனை, ஒளிய இடம் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்துதான் விதியாகிறது.

சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் எடையில் இரண்டு மடங்குதான், ஆனால் அங்கே தலை எண்ணிக்கை பேசும். போட்ஸ்வானாவில் சவுட்டி என்ற இடத்தில் பார்த்தபோது, ஒரு பெண் சிங்கத்துக்கு நாலு கழுதைப்புலி வீதம் சேர்ந்துவிட்டால் இரையைப் பறித்துவிட்டன. ஆனால் பிடரி வைத்த ஆண் சிங்கம் பக்கத்தில் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. இதில் நம் தம்பிக்கு வேண்டிய பாடம் வேறொன்று இருக்கிறது. ரொம்ப நாளாக, சிங்கம் வேட்டையாடுகிறது, கழுதைப்புலி மிச்சத்துக்குக் காத்துக் கிடக்கிறது என்றுதான் உலகமே நம்பியிருந்தது. விடிந்ததும் பார்த்தால் சிங்கம் தின்றுகொண்டிருக்கும், கழுதைப்புலிகள் சுற்றி நிற்கும். 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் தான்சானியாவின் ங்கோரோங்கோரோவில் ராத்திரி முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பல நேரம் அடித்தது கழுதைப்புலி, பிடுங்கித் தின்றது சிங்கம். நாலரை மணிக்கு பைக் வெளிச்சத்தில் பார்த்ததை வைத்துக் கொக்கு யாருடையது என்று நான் உறுதியாகச் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் வருவோம். சிறுத்தை ஐம்பது கிலோ என்றால் செந்நாய் பதினைந்து. தனிச் செந்நாய் சிக்கினால் சிறுத்தை விடாது. ஆனால் செந்நாய் தனியாக வருவது அபூர்வம். எட்டுப் பத்து சேர்ந்துவிட்டால் சிறுத்தை மரத்தில்தான். கீழே கூட்டம் விசிலடித்துக்கொண்டு சுற்றும், மேலே சிறுத்தை கிளையைக் கட்டிக்கொண்டு கிடக்கும். முதுமலை, நாகரஹொளே, கபினிப் பக்கம் இதைப் படமே எடுத்திருக்கிறார்கள். புலிக்கும் சிறுத்தைக்கும் மூன்று நாலு மடங்கு. புலி சிறுத்தையைக் கொல்கிறது, சிறுத்தை புலி போகாத நேரத்தையும் ஓரத்தையும் தேடிப்போகிறது.

அப்படியென்றால் ஒரே காட்டில் மூன்றும் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன? நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்தும் மெல் சன்குவிஸ்டும் இதைப் பார்த்து 1995இல் எழுதினார்கள். புலி அடித்த இரையின் சராசரி எடை சுமார் 92 கிலோ. செந்நாய் அடித்தது சுமார் 43, சிறுத்தை அடித்தது சுமார் 38. காட்டி என்கிற காட்டுமாடு, கடமான் மாதிரிப் பெரிய உருப்படிகளைப் புலி எடுத்துக்கொள்கிறது, புள்ளிமான் மட்டத்தில் மற்ற இரண்டும் இழுபறி. எல்லா அளவிலும் இரை தாராளமாக இருக்கும் வரை பெரிய சண்டை தேவைப்படுவதில்லை. கடமானும் காட்டியும் குறைந்துபோனால் புலி கீழிறங்கி வரும், அப்போதுதான் பங்காளிச் சண்டை முற்றும்.

நம் கரையிலிருந்து பார்த்தால் இதற்கு இன்னொரு நல்ல சாட்சி கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். பனியுகத்தில் கடல் தாழ்ந்திருந்தபோது நடந்தே போகலாம். இன்று அந்தக் கரையில் புலி இல்லை, செந்நாய் இல்லை. சிறுத்தைதான் ராஜா. வில்பத்து, யாலா பக்கம் போனவர்கள் சொல்வார்கள்: பட்டப்பகலில் வண்டித்தடத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கும். இங்கே புலிக்கும் செந்நாய்க்கும் பயந்து இரையை மரத்தில் ஏற்றுகிற அதே ஜாதி, அங்கே பெரும்பாலும் தரையில் வைத்தே சாவகாசமாகத் தின்கிறது. மீன்பிடிப் பூனையும் அந்தக் கரையில் உண்டு. இந்தியாவில் நமக்கு வடக்கே கிருஷ்ணா, கோதாவரி கழிமுகத்து அலையாத்திக் காடுகளில் உண்டு. காரங்காட்டு அலையாத்தியில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, வால் தெரிகிற படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கீழ்மட்டத்திலும் இதே கதைதான். காட்டுப்பூனைக்கும் கீரிக்கும் மூன்று மடங்கு. ஸ்பெயினின் தெற்கே டோன்யானா என்று ஒரு சதுப்பு நிலம், நம் கடலோரம் மாதிரியே மணலும் உப்புநீரும் புதருமாக இருக்கும். அங்குள்ள லிங்க்ஸ் பூனை கீரிகளைக் கொன்றுவிடும். லிங்க்ஸ் இருந்த பகுதிகளில் கீரி குறைந்து, முயல்கள் இரண்டு முதல் நாலு மடங்கு வரை கூடுதலாக இருந்தன என்று 1995இல் கண்டார்கள். முயல் தின்கிற பூனையால் முயல் பெருகியது, வேடிக்கைதான். 'முயலைத் தின்கிறது' என்று சொல்லி வேட்டைக்காரர்கள் சுட்டது அதே லிங்க்ஸைத்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு நாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுப் பொய் ஆகிவிடும். தம்பி கேள்வியில் நாயே இல்லை. ஆனால் நம் கரையில் காட்டுப்பூனையின் உண்மையான எதிரி அதுதான்.

அளவுகோலை எடுங்கள். ஊர் நாய் பதினைந்திலிருந்து இருபது கிலோ, பூனை ஐந்து. மூன்றரை மடங்கு. அபாய இடைவெளிக்குள் கச்சிதமாக உட்காருகிறது. கூடவே கூட்டம். ஆனால் எனக்குக் கவலை எடையிலும் கூட்டத்திலும் இல்லை. நரியைத் தடுத்த கணக்கு நாயைத் தடுக்காது. நரிக்கு அடிபட்டால் அன்றைய பிழைப்புப் போச்சு. நாய்க்கு மூக்குக் கிழிந்தாலும் சாயங்காலம் மீன் தலை கிடைக்கும், யாரோ ஒரு வீட்டு வாசலில் சோறு கிடைக்கும். பசிக்காக அது பூனையைத் துரத்துவதும் இல்லை. செலவு இல்லாத சண்டையை நிறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை. காட்டில் எத்தனை நரி வாழலாம் என்பதை எலியும் நண்டும் முடிவு செய்கின்றன. எத்தனை நாய் வாழலாம் என்பதை நம் குப்பைமேடு முடிவு செய்கிறது.

இந்தியா முழுவதும் கேட்டுத் தொகுத்த ஒரு ஆய்வு 2018இல் வந்தது. நாய்கள் தாக்கியதாக 80 வகைக் காட்டுயிர்கள் பட்டியலில் இருந்தன. அதில் 31 அழியும் ஆபத்தில் உள்ளவை. கடி மட்டும் என்றால் பரவாயில்லை, நோயும் வருகிறது. 1994இல் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஆயிரம், ஒரே வைரஸில் செத்தன. கேனைன் டிஸ்டம்பர் என்கிற அந்த நோய் நாய்க்கு வருவது. 2018இல் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்தபோதும் அதே வைரஸ்தான் பிடிபட்டது. காட்டின் ராஜாவை வீழ்த்தியது பல்லும் இல்லை, நகமும் இல்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுவதற்காக ஒரு பெரிய கருவைக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வெட்டியாகிவிட்டது. கூலியாட்களின் சாப்பாட்டுக்காக ஐந்தாறு நாய் அங்கேயே தங்கியிருந்தன. மூன்று குட்டி வைத்திருந்த பூனை, வெட்டாத பக்கத்துக்கு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. இரண்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாவதோடு திறந்த வெளியில் அகப்பட்டுக்கொண்டது. பூனை குட்டியைக் கீழே போட்டுவிட்டு அதே முதுகு வளைப்பு, அதே சீறல். தம்பி பார்த்த அத்தனையும் செய்தது. நாய்கள் நிற்கவே இல்லை. கம்பு எடுத்து ஓடினோம், தாமதமாகிவிட்டது. சீமைக்கருவேலம் நம் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கிற மரம், வெட்டத்தான் வேண்டும் என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல், துண்டு துண்டாக, ஒரு பக்கம் மறைவை விட்டு வெட்டினால் இந்த மாதிரி நடக்காது.

வெட்டும்போது குட்டி கிடைத்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். குட்டியில் லேசான வரி தெரியும், அதைப் பார்த்துத்தான் சிறுத்தை என்று கூட்டம் கூடுகிறது. தொடாமல் விட்டுவிடுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், நாயைக் கட்டுங்கள். ஆள் அரவம் அடங்கியதும் தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பால் ஊற்றினால் பெரும்பாலும் செத்துப்போகும். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றமும் கூட. இரவில் கோழிக் கூட்டுக்கு ஒரு நல்ல கதவு போட்டால் காட்டுப்பூனையோடு உங்களுக்கு வழக்கே இல்லை.

'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து கடிக்காமல் இருந்தால் சரி' என்பார்கள். அந்தப் பூனையும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

தம்பிக்கு ஒரு வேலை சொல்கிறேன். மழை வருவதற்குள் அந்த உப்பங்கழி ஓரத்துக்கு ஒருமுறை பகலில் போய் வாருங்கள். ஈரச் சேறு என்றால் தடம் இன்னும் இருக்கும். பூனைத் தடம் வட்டமாக இருக்கும், நகம் பதியாது. நரித் தடம் நீள்வட்டம், முன்னால் நகக் குறி தெரியும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் படம் எடுங்கள். கொக்கின் இறகு கிடந்தால் அதையும் பாருங்கள். பூனை உண்பதற்கு முன் இறகைப் பிடுங்கிப் போட்டிருக்கும், நரி இறகும் எலும்புமாக நொறுக்கியிருக்கும். நரி திரும்பி வந்ததா, பூனைதான் தின்று முடித்ததா என்று அதிலேயே தெரிந்துவிடும். புதருக்குள் மட்டும் கையை விடாதீர்கள், குட்டி இருந்தாலும் இருக்கும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.